சக்கை வரட்டியும் இலையடையும்

பலாப்பழத்தைச் ‘சக்கை’ என்று பாலக்காட்டுத் தமிழர் சொல்லக் கேட்டால், பிற மாவட்டத்தாருக்குச் சிரிப்பு வரும். சாறு பிழிந்தபின் எஞ்சுவதற்கன்றோ நாம் அப்பெயரை இட்டிருக்கிறோம்! ஆயினும் அச்சொல் கடல் கடந்த சொல். மலையாளத்துச் ‘சக்க’ போர்த்துக்கேசியர் நாவில் ‘ஜாக்கா’ ஆயிற்று. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலிலும் இடம்பெற்றது. ஆங்கிலத்தின் ‘ஜாக்’ அதன் வழி வந்ததே. 2018இல் கேரள அரசு இதனை மாநிலப் பழமாக அறிவித்தது.

பங்குனி தொடங்கி ஆனி வரை பழம் மலியும். அதன்பின்னும் அச்சுவை வேண்டுமென்றே வரட்டி தோன்றியது. வருக்கைச் சுளையே இதற்கு உகந்தது. கூழன் இனத்தில் நார் மிகுதியாதலால் வடிகட்ட வேண்டியிருக்கும். கொட்டை நீக்கிய சுளை ஒரு கிலோவைச் சிறிது நீரில் வேகவைத்து மசித்துக்கொள்க. முக்கால் கிலோ வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடித்து, அடிகனமான உருளியில் இரண்டையும் சேர்த்துச் சிறுதீயில் கிளறுக. நெய்யைச் சிறிது சிறிதாக விடுக. இறுதியில் சுக்கும் ஏலமும் பொடித்துத் தூவினால் போதும்.

பதம் அறிவதிலேதான் எல்லாம் இருக்கிறது. விழுது பாத்திரத்தில் ஒட்டாது கரண்டியோடு திரண்டு வரவேண்டும். ஆறிய துளியை உருட்டினால் விரலில் பற்றக்கூடாது. நீர் வற்ற வற்ற, எஞ்சிய ஈரத்தை வெல்லம் தன்னுள் பிணித்துக்கொள்கிறது. அவ்வீரம் பூசணத்துக்குக் கிட்டுவதில்லை. அவசரப்பட்டு முன்னதாகவே இறக்கினால் கெட்டுப்போகும். இதை நான் நூலில் கற்கவில்லை. ரயிலுக்கு நேரமாயிற்று என்று என் அத்தையை விரைவுபடுத்தி, இளகிய பதத்திலேயே ஒரு புட்டி நிரப்பிக்கொண்டு தில்லி வந்தேன். ஒரு மாதத்துக்குள் மேற்பரப்பில் வெண்பூசணம் படர்ந்தது. அத்தை கிளறிய கடைசி வரட்டி அதுவே என்பது அப்போது எனக்குத் தெரியாது. நன்கு வற்றிய வரட்டியோ, ஈரக் கரண்டி படாதவரை பல மாதம் இருக்கும்.

வரட்டி கைவசமிருந்தால் இலையடைக்குத் தடையில்லை. அமெரிக்கர் பழத்தின்மேல் மாவைப் பரப்பிச் சுட்டு, ‘காப்ளர்’ என்பர். நம்மவர் மாவுக்குள் பழத்தைப் பொதிந்து ஆவியில் வேகவிடுவர். வறுத்த அரிசிமாவைக் கொதிநீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, அனலில் வாட்டிய வாழையிலைத் துண்டில் மெல்லிதாகப் பரப்புக. மேலே வரட்டியும் தேங்காய்த் துருவலும் வைத்து, இலையோடு மடித்து இருபது நிமிடம் ஆவியில் வைக்கவும். மாவு தடித்தால் பழத்தின் மணம் அடங்கிவிடும்.

இடுக்கி மலைப்பக்கத்தில் வாழையிலைக்கு மாறாக வயணை இலையைக் கூம்பாகச் சுருட்டுவர். அதில் மாவும் பழமும் வெல்லமும் ஒன்றாகப் பிசைந்து நிரப்பப்படும், அதுவே கும்பிளப்பம். அந்த இலை இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தது. வடநாட்டுத் தேஜ்பத்தா அதற்கு உறவுமுறை. உலர்ந்த தேஜ்பத்தாவில் மாவைப் பொதிய இயலாது. ஆவிப் பாத்திரத்து நீரில் நாலைந்து இலைகளை இட்டுப் பாருங்கள், சிறிதளவேனும் மணம் ஏறும். மிஞ்சிய அடையை மறுநாள் இலையோடு தோசைக்கல்லில் வாட்டினால், ஓரம் சிவந்து முதல் நாளினும் சுவையாக இருக்கும்.