மனப்பதிவு ஓவியமும் மாணவன் கண்ணும்

பாரிசு மாநகரில் 1900ஆம் ஆண்டின் உலகப் பொருட்காட்சிக்கெனக் கட்டப்பட்ட புகையிரத நிலையமொன்று, 1986இல் ஓர்சே நூதனசாலையாகத் திறந்துவைக்கப்பட்டது. ஆங்கு 2024ஆம் ஆண்டு மார்ச்சு 26 முதல் யூலை 14 வரை ஓர் ஓவியக் கண்காட்சி நிகழ்ந்தது. மனப்பதிவு ஓவியர் எனப் பின்னர்ப் பெயர்பெற்றோர் 1874இல் நடத்திய முதற் கண்காட்சியின் 150ஆம் ஆண்டு நிறைவே அதற்குக் காரணம். அத்தகைய கண்காட்சிக்குச் செல்லும் மாணவன் ஆங்குக் கற்கத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அக்காலப் பிரான்சில் ஓவியனொருவன் புகழெய்துதற்குச் 'சலோன்' என்னும் பெருங்கண்காட்சியின் நடுவர் குழு அவன் படத்தை ஏற்றல் வேண்டும். அக்குழுவை நம்பியிராது மொனே, ரெனுவார், டெகா, பிசாரோ, மொரிசோ அம்மையார் முதலிய ஏறத்தாழ 30 ஓவியர் ஒன்றுகூடி, நாடார் என்னும் புகைப்படக் கலைஞரின் பழைய நிலையத்திலே தம் படங்களைத் தாமே காட்சிக்கு வைத்தனர். மொனே, லெ ஆவர் துறைமுகத்தின் காலைக் காட்சியொன்றுக்கு 'மனப்பதிவு, சூரியோதயம்' எனப் பெயரிட்டிருந்தார். லூயி லெருவா என்னும் விமரிசகர் அப்பெயரைப் பற்றிக்கொண்டு அனைவரையும் எள்ளி எழுதினார். எள்ளற் சொல்லே இயக்கத்தின் பெயராய் நிலைத்தது.

2024இல் அவ்வாண்டுச் சலோன் படங்களும் இவர்தம் படங்களும் ஒருங்கே வைக்கப்பட்டமையால் வேற்றுமை தெளிவாயிற்று. சலோன் ஓவியன் தூரிகையின் சுவடு தோன்றாவண்ணம் மெருகிட்டான். வரலாற்றுக் கதைகளை விரும்பித் தீட்டினான். மொனேயோ பொருளைத் தீட்டாது, அப்பொருள்மீது அக்கணத்திற் படிந்த ஒளியைத் தீட்டினார். அண்மையில் நின்று நோக்கின் வண்ணத் திட்டுகளே தெரியும். சில அடி பின்வாங்கின் நீரும் தோணியும் பனிமூட்டமும் உருப்பெறும். அச்செஞ்சூரியனின் ஒளியளவும் சூழ்ந்த வானின் ஒளியளவும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் கறுப்பு வெள்ளைப் பிரதியில் அச்சூரியன் பெரும்பாலும் மறைந்துபோகும். நிறவேற்றுமை ஒன்றினாலேயே அது சுடர்கின்றது. நேரிற் காண்டலின் இன்றியமையாமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

லெருவாவுக்குக் கண் இல்லாமலில்லை. படம் இவ்வாறுதான் இருத்தல் வேண்டுமென்ற முடிவோடு சென்றமையே அவர்தம் குறை. ஓவியர் கைபோத் 1894இல் இறந்தபோது நாட்டுக்கு விட்டுச்சென்ற 60க்கு மேற்பட்ட படங்களுள் ஏறத்தாழ 40ஐ மாத்திரமே அரசு ஏற்றது. மறுத்தோரும் கற்றறிந்தோரே.

இன்றைய மாணவனுக்கு நேரக்கூடிய இடர் இதன் மறுதலையாகும். புகழ்பெற்ற படம் என்பதனாலேயே அவன் புகழ்ந்துவிடுகின்றான். காணுமுன் இகழ்தலும் காணுமுன் புகழ்தலும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். ஆதலின் கண்காட்சிக்குச் செல்லும் மாணவன் நூறு படங்களைக் கடந்து ஓடாது, ஐந்தாறின் முன்னர் நின்று, அணுகியும் அகன்றும் நோக்கி, அதன்பின்னரே பெயர்ப்பலகையைப் படிப்பானாக.