வண்டி வீட்டுக்கு மின்சாரம்: வெயிலா, ஜெனரேட்டரா?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். முன்பெல்லாம் ரயிலில் இடம் கிடைத்தால் ரயில், இல்லாவிட்டால் பஸ். இப்போது சில குடும்பங்கள் வேனுக்குள்ளேயே படுக்கை, சிறிய சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்துக்கொண்டு, வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 'கேரவன்' என்ற சொல்லைச் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் நாம் முதலில் கேள்விப்பட்டோம். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. இன்று அது நம்மைப் போன்றவர்களின் காதிலும் சாதாரணமாக விழும் சொல்லாகிவிட்டது.

வண்டி தயார். ஆனால் இரவு நிறுத்தும் தோட்டத்திலோ மலையடிவாரத்திலோ மின்சாரத்துக்கு என்ன செய்வது? கூரையில் சூரிய ஒளித் தகடு பொருத்துவதா, ஜெனரேட்டர் எடுத்துப் போவதா? இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இரண்டு பயணங்களில் நாங்கள் பட்ட பாடே என் பதில்.

குண்டலுப்பேட்டையில் ஓர் இரவு

ஓசூரில் இருக்கும் என் தம்பி பழைய வேன் ஒன்றை வாங்கிப் படுக்கை வண்டியாக மாற்றினான். (அப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) அந்த ஏப்ரலில் இரண்டு குடும்பமாக உதகைக்குப் புறப்பட்டோம். என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. அதற்காக வண்டியில் ஒரு சிறிய குளிர்பெட்டி. அது ஓடுவதற்கு வாடகைக்கு எடுத்த ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர்.

கிளம்பும்போதே தாமதம். மைசூரைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. பந்திப்பூர்க் காட்டுப் பாதையில் வனவிலங்குகளின் நலன் கருதி 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. ஆகவே குண்டலுப்பேட்டை அருகே, தெரிந்தவர் ஒருவரின் வாழைத் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தினோம்.

ஜெனரேட்டரை முடுக்கியதும் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, குளிர்பெட்டியும் ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒயர் நீளம் போதவில்லை என்று அதை வண்டியின் பின் ஜன்னலுக்கு அருகிலேயே வைத்துவிட்டோம். நள்ளிரவில் காற்று திசை மாறியது. என் மகள் எழுந்து தலை வலிக்கிறது என்று அழுதாள், வாந்தி எடுத்தாள். சிறிது நேரத்தில் தம்பி மகனுக்கும் அதே தலைவலி. "ஏம்மா, வண்டிக்குள்ளே காத்தே சரியில்லை. முதல்ல குழந்தைகளை வெளியே தூக்கு" என்று மாமியார்தான் சத்தம் போட்டார். ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்து திறந்த வெளியில் உட்கார்ந்தோம். மெல்ல மெல்ல குழந்தைகள் தெளிந்தார்கள்.

ஊர் திரும்பிய பின் டாக்டரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி, தூங்குகிறவரை எழுப்பாமலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். பூட்டிய கடையிலும் மூடிய அறையிலும் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் மறுநாள் எழவில்லை என்ற செய்திகளைப் படித்திருக்கிறோம். அந்தச் செய்தி எங்கள் குடும்பத்தைப் பற்றி வந்திருக்கலாம்.

ஆகவே ஜெனரேட்டர் எடுத்துப் போகிறவர்களுக்கு முதல் விதி இதுதான்: வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தூரம், புகைக் குழாய் வண்டிக்கு எதிர்த் திசையில், தார்ப்பாய்க்கு அடியிலோ சுவர் மூலையிலோ கூடாது, தூங்கப் போகும்முன் நிறுத்திவிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை உள்ளே மாட்டிவைப்பது மிகவும் நல்லது.

மறுநாள் உதகையில் வேறொரு பாடம். பெங்களூரில் ஓடிய அதே ஜெனரேட்டர் அங்கே திணறியது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சாதாரண பெட்ரோல் எஞ்சினின் சக்தி ஏறத்தாழ 3.5 சதவீதம் குறையும். உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான் கிடைக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் சக்தியை நம்பி மலையேறினால் ஏமாற வேண்டியதுதான்.

முதலில் கணக்கு

வீடு திரும்பியதும் மாமியார் கேட்டார்: "நம்ம மாடியிலேதான் சோலார் இருக்கே, அதையே எடுத்துப் போக முடியாதா?" சிரிக்க வேண்டாம். பெங்களூரில் வீட்டுக்கு வீடு மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி இருப்பதால் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அது வெயிலின் சூட்டால் தண்ணீரைக் காய்ச்சுகிறது, அவ்வளவுதான். அதிலிருந்து மின்சாரம் வராது. மின்சாரம் தருவது சிலிக்கான் தகடு. அந்தத் தகட்டை நம்பி வாழ்வது புதிய சோதனையும் இல்லை. 1995-ல் நம் பெங்களூரில் தொடங்கப்பட்ட செல்கோ நிறுவனம், மின்கம்பம் எட்டாத கர்நாடகக் கிராம வீடுகளில் இப்படித்தான் விளக்கேற்றியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஹரீஷ் ஹாண்டேவுக்கு 2011-ல் மகசேசே விருது கிடைத்தது.

தம்பி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். "அக்கா, எது வாங்கலாம்னு அப்புறம் பார்ப்போம். ஒரு நாளைக்கு நமக்கு எவ்வளவு வேணும், அதைச் சொல்லு." வீட்டு மின் கட்டண ரசீதில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி. எங்கள் கணக்கு இப்படி வந்தது: 5 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, 5 மணி நேரம் எரிந்தால் 100 வாட் மணி. 15 வாட் சிறு விசிறி இரண்டு, இரவு 8 மணி நேரத்துக்கு 240. நான்கு கைபேசிகளுக்கு 60. தண்ணீர் பம்புக்கு 20. 12 வோல்ட்டில் ஓடும் சிறு குளிர்பெட்டிக்கு 400. மொத்தம் 820. ஒரு யூனிட் கூட இல்லை!

100 வாட் தகடு ஒன்று, வண்டிக் கூரையில் படுக்கையாக இருந்தாலும், நம் பக்கத்து நல்ல வெயில் நாளில் சுமார் 400 வாட் மணி தரும். மூன்று தகடு போட்டால் 1,200. எங்கள் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இரவுக்குச் சேமிக்க பேட்டரி வேண்டும். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது போன்ற 150 ஆம்பியர் ஈய பேட்டரியில் 1,800 வாட் மணி இருந்தாலும், பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எடையும் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 1,000 வாட் மணியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எடை பன்னிரண்டு கிலோ அளவுதான். விலை கூடுதல் என்றாலும் வண்டிக்கு அதுவே ஏற்றது.

கணக்கைக் கெடுப்பவை சில உண்டு. மின் அடுப்பு 2,000 வாட் இழுக்கும். ஒரு மணி நேரச் சமையலுக்கே இரண்டு யூனிட். ஆகவே சமையலுக்குக் கேஸ் அடுப்புதான். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் 60 வாட் மணிதான், ஆனால் அதற்கென்றே பெரிய இன்வெர்ட்டர் வைக்க வேண்டும். நான் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்று வீட்டிலேயே தயார் செய்து எடுத்துக்கொண்டேன். மிக்ஸி பிரச்சினை தீர்ந்தது. ஏ.சி. கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. ஒரு டன் ஏ.சி. இரவு முழுவதும் ஓட ஆறேழு யூனிட்டாவது வேண்டும். அவ்வளவு தகடு விரிக்க வேன் கூரையில் இடமில்லை. அவர்களுக்கு ஜெனரேட்டரோ மின் இணைப்புள்ள தங்குமிடமோதான் வழி.

செலவையும் பார்ப்போம். ஒரு கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு அரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். சுமையைக் குறைத்தாலும் செலவு அதே விகிதத்தில் குறையாது. ஓர் இரவுக்கு மூன்று நான்கு லிட்டர், அதாவது முந்நூறு நானூறு ரூபாய். வருடத்துக்கு மூன்று நாள் மட்டும் போகிறவர் தகடும் பேட்டரியும் வாங்கினால் போட்ட பணம் திரும்ப நாளாகும். அவருக்கு வாடகை ஜெனரேட்டரே சிக்கனம். அடிக்கடி போகிறவருக்குத் தகடு. சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விலை உயர்ந்த சத்தம் குறைந்த வகை கூடப் பக்கத்தில் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது போல ஒலிக்கும். சாமி புறப்பாட்டில் ஊர்வலத்தின் பின்னே வரும் ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தவர்களுக்கு இது தெரியும்.

ஐப்பசி மழையில் வந்த சோதனை

அந்தத் தீபாவளிக்குத் தகடு பொருத்திய வண்டியில் தஞ்சாவூர்ப் பக்கம் சென்றோம். முதல் நாள் எல்லாம் நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் வானம் மூடிக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. அடர்ந்த மேகத்தில் தகடு தருவது நல்ல நாளில் தருவதில் கால் பங்குகூட இல்லை. போதாக்குறைக்கு நாங்கள் வண்டியை மாமரத்தடியில் நிறுத்தியிருந்தோம். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே வரும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும். நமக்கு வேண்டியது நிழல், தகட்டுக்கு வேண்டியது வெயில். இந்த இரண்டுக்கும் எப்போதும் போட்டிதான். மடித்து எடுத்துப் போகும் தகடும் நீளமான ஒயரும் இருந்தால், வண்டியை நிழலில் விட்டுத் தகட்டை வெயிலில் விரிக்கலாம்.

மூன்றாம் நாள் மாலை பேட்டரியில் கால் பங்குதான் மிச்சம். இன்சுலினை நினைத்து எனக்குக் கவலை. அப்போது தம்பி சொன்னான்: "கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு ஏன்க்கா அலையணும்? வண்டி எஞ்சினே ஒரு ஜெனரேட்டர்தானே!" வண்டி ஓடும்போது ஆல்டர்நேட்டரிலிருந்து உள் பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி ஒன்றை அவன் ஏற்கனவே பொருத்தியிருந்தான். 30 ஆம்பியர் கருவியானால் ஒரு மணி நேர ஓட்டத்தில் 350 வாட் மணி ஏறும். குளிர்பெட்டியின் ஒரு நாள் தேவை ஏறத்தாழ முழுதும் கிடைத்துவிடும். மறுநாள் காலை கும்பகோணம் கோயில்களுக்குப் போய் வந்தோம். தரிசனமும் ஆயிற்று, பேட்டரியும் ஏறியது. ஆனால் மின்னேற்றுவதற்காக நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிடக் கூடாது. அங்கேயும் அதே புகை, அதே ஆபத்து.

அந்த இரவுக்கு மாமியார் ஏற்கனவே ஒரு வழி செய்துவிட்டார். சிறிய மண்பானை, அதைச் சுற்றி ஈர மணல், மேலே ஈரத் துணி. இன்சுலினை டப்பாவில் போட்டு உள்ளே வைத்தார். அவர் சிறுவயதில் ஊரில் பார்த்த முறை. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதை, அதிக சூடு படாமல், பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்கிறார்கள். இதைப் புறப்படும்முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பானை குளிர்பெட்டிக்கு மாற்று ஆகாது. ஆனால் மின்சாரம் போன நேரத்தில் கைகொடுக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பள்ளி விடுமுறை எந்த மாதம் என்று பாருங்கள். பொங்கல், கோடை விடுமுறை என்றால் வெயிலை நம்பலாம். தசரா, தீபாவளி என்றால் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். தகட்டோடு எஞ்சின் மின்னேற்றமும் கட்டாயம் இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகு, மலநாடு பக்கம் போகிறவர்களுக்கும் இதே அறிவுரைதான். ஏ.சி. வேண்டும், அல்லது ஒரே இடத்தில் பல நாள் மழையில் தங்க வேண்டும் என்றால் ஜெனரேட்டர் எடுத்துப் போங்கள். பகலில் சில மணி நேரம் ஓடவிட்டு பேட்டரியை நிரப்பிக்கொண்டு, இரவில் நிறுத்திவிடுங்கள். உயிர் காக்கும் மருந்தை மட்டும் எந்த ஒரு கருவியையும் நம்பி விடாதீர்கள். இரண்டாவது வழி ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

எங்கள் வண்டியில் இப்போது ஜெனரேட்டர் இல்லை. இரவில் விசிறிச் சத்தம் மட்டும்தான். குழந்தைகள் நன்றாகத் தூங்குகிறார்கள். மண்பானையும் ஒரு மூலையில் இருக்கிறது. அதை எடுத்துவைக்காமல் என் மாமியார் வண்டியில் ஏறுவதில்லை.

வரும் விடுமுறையில் புறப்படும் அன்பர்கள் அனைவரும் நலமாகச் சென்று நலமாகத் திரும்ப வாழ்த்துகிறேன்.