மருந்துச் சீட்டில் எழுதப்பட்ட அடுத்த தேதி

காலை ஒன்பது மணிக்குள் மனநலப் பிரிவின் வாசலில் உள்ள பெஞ்சுகள் நிரம்பிவிடும். காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்துச் சிதம்பரம் வந்தவர்கள் அங்கே அமர்ந்திருப்பார்கள். அவர்களுள் பாதிப் பேர் நோயாளிகள் அல்லர். மகனை அழைத்து வந்த தாய், மனைவிக்குத் துணையாக வந்த கணவர், அண்ணனின் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த தம்பி எனப் பலர் இருப்பார்கள். இக்கட்டுரை பெரிதும் அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

கிராமப்புற மனநலப் பணி என்றால் நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பது என்றே பலரும் கருதுகிறார்கள். அது முதல் நாளின் வேலை; ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி செலவாவது, சீட்டின் மூலையில் எழுதப்பட்ட அடுத்த தேதியில் அந்த நபர் மீண்டும் வருவதற்காகத்தான். மருத்துவர், உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், செவிலியர் ஆகிய நால்வரும் சேர்ந்து இயங்குவதும் இதற்காகவே. பதிவேட்டில் வராதவர்களின் பெயர்களைக் குறித்து, தொலைபேசியில் அழைத்து, பதில் இல்லையெனில் அவ்வூர்க் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் விசாரிப்பது எங்கள் வாராந்திரப் பணிகளுள் ஒன்று.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த ‘அடுத்த தேதி’க்கே வழி அரிதாக இருந்தது. பலருக்கு மனநல மருத்துவம் என்றால் 1794இல் தொடங்கப்பெற்ற சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனைதான். சிதம்பரத்திலிருந்து அது 200 கிலோமீட்டருக்கும் மேல். தேசிய மனநலத் திட்டம் 1982இல் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய முன்னோடி முயற்சியைப் பின்பற்றி, 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. தமிழகத்தில் முதலில் அத்திட்டத்தைப் பெற்றது திருச்சிராப்பள்ளி மாவட்டம். வட்ட மருத்துவமனைகளுக்கு மனநலக் குழு குறித்த நாள்களில் வரும் இன்றைய ஏற்பாடு அதன் தொடர்ச்சியே.

மாத்திரை ஏன் நின்றுபோகிறது?

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம். எவரையும் அடையாளம் காட்டலாகாது என்பதால், நாங்கள் கண்ட பல குடும்பங்களின் அனுபவத்தை ஒன்றாக்கி எழுதுகிறோம்.

இருபத்தாறு வயது இளைஞர். பல வாரங்களாக உறக்கமில்லை. அண்டை வீட்டார் தம்மைப் பற்றிச் சதி பேசுவதாகக் காதில் குரல் கேட்டது. மனச்சிதைவு நோய் எனக் கண்டறிந்து மருந்து தொடங்கினோம். இரண்டு மாதங்களில் தெளிந்தார். சம்பா அறுவடைக்கும் சென்றார். அடுத்த தேதி அறுவடை நாளில் வந்தது. ஒரு நாள் கூலியை விட மனமில்லை. மாத்திரையும் தீர்ந்தது. “தொடர்ந்து சாப்பிட்டால் பழக்கமாகிவிடும்” என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சும் எழுந்திருந்தது. மாத்திரை டப்பா அலமாரியில் இருப்பதையே தாய் விரும்பவில்லை. நான்காம் மாதத்தில் முதலில் உறக்கம் போயிற்று. பிறகு குரல்கள் திரும்பின. மீண்டும் எங்களிடம் வந்தபோது தாய் சொன்ன முதல் சொல், “நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன்.”

அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு உரிமையில்லை. எத்தனை காலம் உண்ண வேண்டும் என்பதை முதல் நாளே அவருக்குப் புரியும்படி சொல்லாதது எங்கள் குறை. ஆகவே இங்கே சொல்கிறோம். மனச்சிதைவு நோய் முதன்முறை வந்து குணமடைந்தவரும் பொதுவாக ஓராண்டு முதல் ஈராண்டு வரையேனும் மருந்தைத் தொடர வேண்டும். நோய் திரும்பி வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படும். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தரவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முழுவதும் நலமான பின்னரும் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் தொடர வேண்டும். இம்மருந்துகள் போதைப் பொருள்போல் மேலும் மேலும் கேட்கச் செய்பவை அல்ல. ஆயினும் அவற்றைத் திடீரென நிறுத்தலாகாது. உறக்கத்திற்காகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் மட்டும் பழக்கமாகக் கூடியவை; அதனால்தான் அவற்றைச் சில நாள்களுக்கே தருகிறோம்.

பக்க விளைவுகளும் காரணமாகின்றன. கை நடுக்கம், உடல் விறைப்பு, வாயில் எச்சில் வடிதல், பகல் உறக்கம், எடை கூடுதல் ஆகியவற்றைப் பலர் தாமாகவே சொல்கிறார்கள். மாதவிடாய் தள்ளிப்போவதையும் தாம்பத்திய உறவில் ஏற்படும் மாற்றத்தையும் சொல்லக் கூசி, மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றை அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்ய இயலும். நாள்தோறும் மாத்திரை உண்ண இயலாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசியும் உண்டு.

வெயிலும் வெள்ளமும்

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் உண்பவர்கள் கடற்கரைக் கிராமங்களிலும் வயல்களிலும் வேலை செய்கிறார்கள். கத்திரி வெயிலில் வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறும்போது இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறுகிறது. வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் இதுவே நிகழும். உடல்வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளும் அந்த அளவை உயர்த்தும். கைநடுக்கம் மிகுந்து, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால், அடுத்த வேளை லித்தியம் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வரவும். குடித்திருக்கிறார் என்று எண்ணிப் படுக்க வைத்துவிடுவதே நடக்கிறது. உப்பைத் திடீரெனக் குறைப்பதும் கூடாது. இரத்தக் கொதிப்புக்காக யாரேனும் அறிவுரை கூறினால் எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இம்மாவட்டத்தில் மழைக்காலத்தையும் மறக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இங்கே அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. 2011இன் இறுதியில் தானே புயல், 2015இல் பெருவெள்ளம். அச்சமும் இழப்பும் புதிய துயரைத் தருவது ஒருபுறம். ஏற்கெனவே மருந்து உண்பவரின் மாத்திரை வீட்டோடு நனைந்துபோவது மறுபுறம். ஐப்பசி பிறக்கும் முன்னரே, ஒரு வார மாத்திரையையும் சீட்டின் நகலையும் நெகிழி உறையில் இட்டு, குடும்ப அட்டையுடன் வைத்துவிடுங்கள். முகாமுக்குச் செல்லும் அவசரத்தில் குடும்ப அட்டையை எவரும் மறப்பதில்லை.

வேண்டுதலும் மருந்தும்

விருத்தாசலம் அருகே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. குணசீலத்தில் 48 நாள் தங்கிவிட்டு வருபவர்களும் உண்டு. அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். வழிபாட்டை நிறுத்துமாறு நாங்கள் கூறுவதில்லை. செல்லும் இடத்துக்கு மாத்திரையையும் எடுத்துச் செல்லுமாறே கேட்கிறோம். கட்டிவைப்பது மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வேறு வழி தெரியாமல் வீட்டில் கட்டிவைத்துள்ள குடும்பத்தாரும் அச்சமின்றி எங்களிடம் வரலாம். அன்றே செய்யக்கூடிய மருத்துவம் இருக்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால், அதை மிரட்டலாகக் கொள்ளாமல் அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். சென்னையின் ஸ்நேகா அமைப்பைச் சேர்ந்த மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் இதே கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், பூச்சிமருந்துக்கெனப் பொதுக் காப்பறை அமைத்துப் பார்த்தார்கள். உழவர்கள் ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள பெட்டி. பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை 2013இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பது ஓர் உயிரைக் காக்கும். தங்கள் ஊரில் அத்தகைய அறை இல்லையெனில், வேறொரு பொறுப்பான உறவினரின் களத்துக் கொட்டகையில் பூட்டி வைக்கலாம்.

அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளை, காலியானவை உட்பட, அப்படியே எடுத்து வாருங்கள். வேறு இடத்தில் வாங்கிய நாட்டு மருந்தையும் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளையும் கொண்டுவாருங்கள். கடந்த மாதம் எத்தனை இரவுகள் உறக்கம் கெட்டது என்பதை ஒரு தாளில் குறித்து வந்தால், எங்களுக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை. குறித்த தேதியில் வர இயலாவிட்டால், மறுநாளோ அடுத்த வாரமோ வாருங்கள். தாமதமாக வந்தவரை எவரும் திருப்பி அனுப்புவதில்லை. இரவு நேரத்தில் உதவி தேவைப்பட்டால் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். குடும்பத்தாரும் தங்களுக்காக அந்த எண்ணை அழைக்கலாம்.