ஒரு தொழில் போதுமா?

வருஷம் பன்னிரண்டு மாதமும் வயிறு உண்டு. ஆனால் கிராமத்துத் தொழில்களில் பன்னிரண்டு மாதமும் வேலை தருபவை மிகச் சிலவே. பனையேறும் குடும்பங்களைக் கவனித்தால் இது விளங்கும். பதநீர் இறங்கும் காலம் ஏறக்குறைய ஆறு மாதம். மற்ற மாதங்களில் பாளையும் இல்லை, வரும்படியும் இல்லை. கடன் ஏறுவது அப்பொழுதுதான்.

1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் ஒரு கிராம புனருத்தாரண நிலையத்தை நடத்தினர். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-இல்தான் கன்னியாகுமரி ஜில்லாவோடு சென்னை ராஜ்யத்தில் இணைந்தது. நிலையத் தலைவரான ஸ்பென்ஸர் ஹாட்ச், விவசாயிகளும் பனைத்தொழிலாளரும் வீணே கழிக்கும் நாட்களுக்கு ஏற்ற உபதொழில்களைக் கற்பிக்க முயன்றார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, நல்ல வெல்லம் காய்ச்சுதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. முட்டையையும் தேனையும் தனித்தனியே தரகனிடம் கொடாமல், கூட்டாகச் சேர்த்து விற்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது.

தேனீ வளர்ப்பு அப்பிரதேசத்தில் நன்றாக வேரூன்றியது. அங்கே தேன் பெரும்பாலும் ரப்பர் மரத்திலிருந்து கிடைக்கிறது. அதுவும் பூவிலிருந்தன்று, தளிர் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து. இதைக் கேட்போர் முதலில் நம்புவதில்லை. மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச்சு வரை பெட்டிகள் நிரம்பும். தென்மேற்கு மழைக்காலத்திலோ ஈக்களுக்குச் சர்க்கரைப் பாகு ஊட்டிக் காப்பாற்ற வேண்டியிருக்கும். ஆகவே தேனீயும் முழு வருஷத் தொழிலாகாது.

இதன் அபாயம் 1991-92-இல் வெளிப்பட்டது. தென்னாட்டில் நமது இந்தியத் தேனீக்களை 'தாய் சாக்புரூட்' என்னும் வைரஸ் நோய் பற்றியது. புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பைபோலாகி அறைக்குள்ளேயே மடிந்தன. மருந்து கிடையாது. பெருவாரியான பெட்டிகள் காலியாயின. தேன் எடுக்க மட்டும் அறிந்தவனுக்குக் காலிப் பெட்டியே மிஞ்சும். நோய்க்குத் தப்பிய குடும்பங்களைத் தெரிந்தெடுக்கவும், அவற்றைப் பிரித்துப் பெருக்கவும், ராணியை வளர்க்கவும் அறிந்தவனோ மீண்டும் தொடங்கலாம். பிறருக்கு ஈக்குடும்பங்களை விற்கவும் செய்யலாம். இரண்டாவது தொழிலைத் தேடுமுன் முதல் தொழிலையே ஆழமாகக் கற்பது இதனாலேயே அவசியமாகிறது.

இரண்டாவது தொழிலைத் தெரிந்தெடுப்பதில் பலர் தவறுகின்றனர். ரப்பர் பால் வடிப்பவன் தேனீயும் வளர்த்தால் இரு தொழில் என்று எண்ணுகிறான். ரப்பர் விலை விழுந்து தோட்டம் வெட்டப்பட்டால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். தச்சுவேலை அப்படியன்று. தேனீப்பெட்டி செய்வதற்கும் அது உதவும். பெட்டி வேண்டாத காலத்தில் கதவும் கட்டிலும் செய்யலாம்.

கற்றதற்கு அத்தாட்சியும் வேண்டும். சொந்த ஊரில் தச்சனுக்கு அவன் செய்த கதவே சாட்சி. அயலூரில் அக்கதவை யாரும் கண்டதில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பயிற்சி ஒரு வருஷம். தேறியவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். தேனீ வளர்ப்புக்கு, 1962-இல் புனாவில் நிறுவப்பட்ட மத்திய தேனீ ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் உள்ளது. தகப்பனிடம் கற்றவர்கள் புதிதாகப் பள்ளிக்குப் போகவேண்டும் என்பதுமில்லை. 2015-இல் ஆரம்பித்த பிரதம மந்திரி திறன் அபிவிருத்தித் திட்டத்தில், முன்னரே கற்ற திறமையைப் பரீக்ஷித்துச் சான்றளிக்கும் முறையும் சேர்க்கப்பட்டது.

சங்கப் பஞ்சாயத்தார் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கடன் மனுவுடன், அங்கத்தினர் குடும்பத்தின் பன்னிரண்டு மாத வேலையையும் வரும்படியையும் ஒரு தாளில் எழுதி வாங்கலாம். எந்த மாதம் வெறுமையாக இருக்கிறதோ அதற்கேற்ற தொழிலையே கற்கச் சொல்லலாம். தேனீக்காகக் கடன் கேட்பவருக்கு எடுத்தவுடன் பத்துப் பெட்டிக்குப் பணம் தருவது உசிதமன்று. இரண்டு பெட்டி கொடுத்து, ஒரு மழைக்காலம் அவற்றைக் காப்பாற்றினாரா என்று பார்த்தபின் மிச்சத்தைக் கொடுக்கலாம்.