வெப்சைட் ரெடி, பணம் எப்போ வரும்?

"சைட் சூப்பரா இருக்கு தம்பி. பேமெண்ட் அடுத்த வாரம் போட்டுடறேன்." தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கோ, மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு நடனப் பள்ளிக்கோ, அடையாறில் ஒரு கிளினிக்குக்கோ வெப்சைட் செய்து கொடுத்திருந்தால் இந்தப் பேச்சு உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். அடுத்த வாரம் அடுத்த மாதமாகும். அப்புறம் போனையே எடுக்க மாட்டார்கள்.

யூடியூப் பார்த்து, ராத்திரி கண் விழித்து, தானாகவே கற்றுக்கொண்டு ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவரா நீங்கள்? கோடிங்கில் சிக்கல் வந்தால் தேடித் தீர்த்துவிடுவீர்கள். ஆனால் "கம்பெனியும் இல்ல, பட்டமும் இல்ல, நான் எப்படி கறாரா பணம் கேக்கறது?" என்ற தயக்கம் மட்டும் போகாது. அந்தத் தயக்கம் தேவையில்லை. தனி ஆளாக வேலை செய்பவரும் உத்யம் தளத்தில் பதிவு செய்து குறு நிறுவனம் ஆகலாம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவுக்குப் படிப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் போதும். தொழில் வகைப் பட்டியலில் இணையப் பக்க வடிவமைப்புக்கென்றே 62012 என்ற எண் இருக்கிறது.

பதிவு முழுக்க இலவசம். கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், உஷார்! முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். ஆதாரோடு இணைந்த கைபேசிக்குத்தான் ஓடிபி வரும். எண் மாறியிருந்தால் முதலில் ஆதார் சேவை மையத்துக்குப் போய் மாற்றிவிடுங்கள்.

சரி, இதனால் என்ன லாபம்? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். எழுத்தில் தவணை பேசியிருந்தால் அந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் எழுதவில்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30,000 ரூபாய் பாக்கிக்கு முதல் மாதமே 450 ரூபாய் வட்டி ஏறும்.

இந்த நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேலையை ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாடிக்கையாளர் எழுத்து மூலம் குறை சொல்லவில்லை என்றால், ஒப்படைத்த நாளிலேயே அவர் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். எனவே "சார், சைட் லைவ் பண்ணிட்டேன்" என்று போனில் சொன்னால் போதாது. லிங்க், லாகின் விவரம், இன்வாய்ஸ் மூன்றையும் ஒரே ஈமெயிலில் அனுப்புங்கள். உத்யம் எண்ணை இன்வாய்ஸில் போடுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் பேசி முடித்த விஷயத்தையும் "நாம் பேசியபடி 8 பக்கம், 2 முறை திருத்தம், மொத்தம் இவ்வளவு" என்று ஒரு வரி டைப் செய்து விடுங்கள். 'சின்ன சேஞ்ச்தான்' என்று முப்பது முறை வேலை வாங்குவதற்கும் இதுவே மருந்து.

இன்வாய்ஸில் அந்த எண்ணைப் பார்த்ததும் கடைக்காரரின் ஆடிட்டரே அவசரப்படுவார். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்டி வரி கழிக்க முடியும்.

அப்படியும் வரவில்லையா? குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்கக் குழுவிடம் புகார் தரலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு இடங்களில் இந்தக் குழு இயங்குகிறது. புகாரை ஆன்லைனிலேயே பதியலாம். முதலில் சமரசப் பேச்சு, அது பலிக்காவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாடிக்கையாளர் நீதிமன்றம் போனால், 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். உள்ளதைச் சொன்னால், 5,000 ரூபாய்க்காக இவ்வளவு தூரம் போவது அலைச்சல்தான். சின்ன வேலைக்குப் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடுவது மேல்.

கோபத்தில் சைட்டை முடக்கிவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி வழக்கு உங்கள் மேலேயே திரும்பலாம். டொமைனையும் வாடிக்கையாளர் பெயரிலேயே வாங்குங்கள்.

பதிவுக்கு முன்பே ஒப்புக்கொண்ட வேலைக்கு இந்தச் சட்டம் செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் வரை வாதம் நடந்திருக்கிறது. அந்த வம்பே வேண்டாம். அடுத்த கொட்டேஷனை அனுப்பும் முன் உத்யம் எண்ணை வாங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.