சூட்டுக் கட்டி என்று விட்டுவிடாதீர்கள்!

பிள்ளைக்குக் காலில் கட்டி வந்தால் பந்திங் வட்டாரத் தோட்டங்களில் முதலில் கேட்கும் வார்த்தை, "சூடுதான், ரெண்டு நாள்ல உடைஞ்சிரும்" என்பதே. மஞ்சள் பற்றுப் போடுவோம். கேட்காவிட்டால், போன மாதம் அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரையில் மிச்சம் கிடக்குமே, அதில் பாதியை உடைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். நாம் குறை சொல்லவில்லை. விடியுமுன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டிய தாய் வேறென்ன செய்வாள்?

ஆனால் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1997-க்கும் 1999-க்கும் இடையில் மின்னசோட்டா, வட டக்கோட்டா மாநிலங்களில் நான்கு பிள்ளைகள் இறந்துபோயின. மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டிக்கு ஒரே வயது. சீக்குப் பிள்ளைகள் அல்ல, ஓடியாடித் திரிந்தவை. 7 வயதுச் சிறுமிக்குக் காய்ச்சல், தொடையிடுக்கில் வலி. பார்த்தால் இடுப்பு மூட்டில் சீழ். ஆஸ்பத்திரியில் முதலில் கொடுத்த மருந்துக்குக் கிருமி மசியவில்லை. மருந்தை மாற்றியும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தக் கிருமிக்கு ஸ்டாப் என்று பெயர். நல்ல சுகமாய் இருப்பவர்களிலும் பத்தில் மூன்று பேர் மூக்கில் அது சும்மா குடியிருக்கும். செம்பனை முள் குத்திய இடம், சொறிந்த கொசுக்கடி, இது போதும் உள்ளே நுழைய. பெரும்பாலும் கட்டியோடு நின்றுவிடும். இரத்தத்தில் கலந்தால்தான் எலும்பு, நுரையீரல் என்று போய்விடும். பெனிசிலினை அது ஜெயித்தபின் 1959-ல் மெதிசிலின் வந்தது. 1961-லேயே இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத ஸ்டாப் தென்பட்டது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது இதைத்தான். நம்ம கிளினிக்குகளில் புண்ணுக்குத் தரும் குளோக்சசிலினும் இதனிடம் செல்லாது. அரைகுறையாய் மருந்து சாப்பிட்டால் இளைத்த கிருமி சாகும், முரட்டுக் கிருமி தங்கிப் பெருகும்.

கட்டியைப் பிதுக்காதீர்கள். ஒரே துண்டால் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் துடைக்காதீர்கள். கட்டியோடு காய்ச்சல், சிவப்புப் படர்தல், காலை ஊன்ற மறுத்தல், மூச்சு வாங்குதல், இதில் ஒன்று கண்டாலும் சம்பளம் போனாலும் போகட்டும், அன்றைக்கே பந்திங் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சீழை எடுத்து லேப்புக்கு அனுப்பினால்தான் எந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்று தெரியும். அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல், அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.