குடியேறியோர் நலமும் ஆட்சிக்குழுவும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடி வேற்று நாட்டுக்குச் செல்வோரின் வரலாறு மனித வரலாற்றைப் போலவே பழமையானது. அவ்வாறு வந்து சேர்ந்தவர்களுக்கு மொழி தெரியாது, சட்டம் தெரியாது, எவரை நம்பலாம் என்பதும் தெரியாது. அரசு செய்யும் உதவி எங்கும் போதியதாக இருந்ததில்லை. ஆகவேதான் இலாப நோக்கமற்ற சங்கங்கள் தோன்றின. இச்சங்கங்கள் செய்யும் தொண்டைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அவற்றை நடத்தும் ஆட்சிக்குழுவில் யார் யார் அமர்கின்றனர், அவர்கள் யாருக்காகப் பேசுகின்றனர் என்ற கேள்வியை எழுப்புவோர் குறைவு. வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் அக்கேள்வியை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

ஆட்சிக்குழு என்றால் என்ன?

நமக்கு இது புதிய செய்தியன்று. கூட்டுறவுச் சங்கத்துக்கு இயக்குநர் குழு உண்டு. கோயிலுக்கு அறங்காவலர் குழு உண்டு. குழுவின் உறுப்பினர் எவரும் சங்கத்தின் இலாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. சங்கத்தின் நோக்கம் பிறழாமல் காப்பது, வரவு செலவுக் கணக்கைச் சரிபார்ப்பது, தலைமை ஊழியரை நியமிப்பது, நிலம் கட்டடம் முதலிய சொத்துகளைப் பற்றி முடிவெடுப்பது ஆகியவை அவர்தம் கடமைகள். அன்றாட வேலையைச் செய்பவர்கள் ஊழியர்கள். ஆனால் "இது நடக்கலாம், இது நடக்கக் கூடாது" என்ற இறுதிச் சொல் குழுவினுடையது.

இத்தகைய குழு ஒரே வகையினரின் கையில் சிக்கிவிடலாகாது என்பதை நம் சட்டமும் ஏற்றுள்ளது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையச் சட்டப்படி அமைக்கப்படும் அறங்காவலர் குழுவில் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் ஒருவரும், பெண் ஒருவரும் இடம்பெற வேண்டும். பலதரப்பட்டோர் அமரும் குழுவே பொதுக்குழு என்பது இதன் உட்பொருள்.

சிகாகோவில் ஓர் இல்லம்

குடியேறியோர்க்கான தொண்டு நிறுவனங்களுள் உலகறிந்த ஒன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹால்ஸ்டெட் தெருவில் இருந்த ஹல் இல்லம். 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு தோழியர் அதனைத் தொடங்கினர். இலண்டனில் 1884இல் நிறுவப்பட்ட டாயின்பி மன்றமே அவர்களுக்கு முன்மாதிரி. ஏழைகள் வாழும் பகுதிக்கே படித்தவர்கள் குடிபோய், அண்டை வீட்டாராக இருந்து தொண்டு செய்வது இதன் முறை.

1890இல் சிகாகோவின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் அயல்நாட்டில் பிறந்தவர்கள். இல்லத்தைச் சுற்றி இத்தாலியர், ஜெர்மானியர், அயர்லாந்தினர், பொஹீமியர், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர் ஆகியோர் நெருங்கி வாழ்ந்தனர். 1895இல் இல்லத்தார் வெளியிட்ட ஆய்வு நூல், அச்சிறு பகுதியில் 18 நாட்டினர் வாழ்ந்ததை வீடு வீடாக வண்ணமிட்டுப் படத்தில் காட்டியது. குழந்தைகள் காப்பகம், இரவுப் பள்ளி, பொதுச் சமையற்கூடம், தொழிலாளர் மன்றங்கள் என இல்லம் வளர்ந்து, 1907க்குள் 13 கட்டடங்களைக் கொண்டதாயிற்று. ஆடம்ஸ் அம்மையார் 1931இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

1895இல் ஹல் இல்லம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டு, ஏழு பேர் கொண்ட அறங்காவலர் குழு அமைந்தது. ஆடம்ஸ் அதன் தலைவர். கட்டடத்தின் உரிமையாளரான ஹெலன் கல்வர் போன்ற செல்வர்கள் உறுப்பினர்கள். பணம் அவர்களிடமிருந்து வந்தது. மக்களைப் பற்றிய அறிவு, தெருவிலேயே வாழ்ந்த தொண்டர்களிடமிருந்து வந்தது.

இவ்விரண்டும் மோதிய ஒரு நிகழ்ச்சியை ஆடம்ஸ் 1910இல் வெளியான தம் நினைவு நூலில் கூறியுள்ளார். தொழிற்சாலைப் பெண்கள் கூட்டாக நடத்திய விடுதிக்குப் புதுக் கட்டடம் தேவைப்பட்டது. ஓர் அறங்காவலர் மகிழ்ச்சியோடு வந்து, தம் நண்பர் ஒருவர் 20,000 டாலர் தர இசைந்துள்ளார் என்றார். நண்பரின் பெயரைக் கேட்டபோதுதான் சிக்கல் விளங்கியது. அவர் தம் நிறுவனத்தில் வேலை செய்த பெண்களுக்கு மிகக் குறைந்த கூலி கொடுப்பதில் பேர்போனவர். உழைக்கும் பெண்களின் வயிற்றில் அடித்த பணத்தால் உழைக்கும் பெண்களுக்கே வீடு கட்டுவதா? நன்கொடை மறுக்கப்பட்டது. அறங்காவலர் அதனைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். செல்வர்களின் நட்பு மட்டுமே கொண்ட குழுவாக இருந்தால் அப்பணம் அன்றே வங்கியில் சேர்ந்திருக்கும். கூலிப் பெண்களை அறிந்தவர் ஒருவர் குழுவில் இருந்ததால் நோக்கம் காப்பாற்றப்பட்டது.

பாதுகாப்புக் கழகத்தின் முறை

இல்லத்தோடு தொடர்புடையவர்கள் 1908இல் குடியேறியோர் பாதுகாப்புக் கழகம் என்ற தனிச் சங்கத்தை அமைத்தனர். அதன் முதல் தலைவர் ஜூலியன் மேக், யூத சமூகத்தைச் சேர்ந்த நீதிபதி. பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவரும் சட்டம் கற்றவருமான சோபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் அம்மையாரும், ஜேன் ஆடம்ஸும் அதில் பங்கு கொண்டனர். இயக்குநராகப் பொறுப்பேற்றவர் கிரேஸ் அபாட். நீதிமன்றம், பல்கலைக்கழகம், தெருத்தொண்டு ஆகிய மூன்று துறைகளின் அறிவும் ஒரே மேசைக்கு வந்ததே இக்கழகத்தின் வலிமை.

அதன் வேலைமுறையும் அறியத்தக்கது. துறைமுகங்களில் வந்திறங்கிச் சிகாகோவுக்குத் தனியே பயணமாகும் பெண்களின் பெயர்ப் பட்டியல் கழகத்துக்குக் கிடைத்தது. குடியேறியோரின் மொழிகளைப் பேசவல்ல ஊழியர்கள் அப்பெண்களை முகவரி தேடிச் சென்று கண்டனர். முகவரி தவறாயிருந்து ஆளைக் காணாத நேர்வுகளும் பல. வேலை வாங்கித் தருவதாகக் கட்டணம் பறித்து ஏமாற்றிய தரகு நிலையங்களை அபாட் நேரில் ஆராய்ந்தார். அதைத் தொடர்ந்து 1909இல் இல்லினாய் மாநிலத்தில் அத்தகைய நிலையங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் திருத்தப்பட்டது. தெருவில் கண்ட துன்பத்தைச் சட்டத்தின் மொழியில் எடுத்துரைக்க, சட்டம் அறிந்தோர் குழுவில் இருந்தது பயன்பட்டது.

இடம் இல்லாதவர்கள்

ஆயினும் இக்குழுக்களின் குறையையும் மறைக்காமல் கூற வேண்டும். குழுவில் பலதுறையினர் இருந்தனர். ஆனால் உதவி பெற்ற அண்டை வீட்டார் ஹல் இல்லத்தின் குழுவில் பெரும்பாலும் இல்லை. இதன் விளைவு எழுபது ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது.

1961இல் நகர மேயர் ரிச்சர்ட் டேலி, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்துக்கு அப்பகுதியையே தேர்ந்தெடுத்தார். இத்தாலியத் தையற்காரர் ஒருவரின் மகளும், ஹல் இல்லத்தின் நிழலில் வளர்ந்தவருமான புளோரன்ஸ் ஸ்கேலா, தம் தெருக்காரர்களைத் திரட்டிப் போராடினார். இல்லத்தில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த முதியவர் ஜெஸ்ஸி பின்போர்டும் அவருடன் நின்றார். மேயர் அலுவலகத்தில் உட்கார்ந்து போராடினர், வழக்கும் தொடுத்தனர். ஆனால் அறங்காவலர் குழு கட்டடங்களை விற்க இசைந்தது. 1963இல் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. இரண்டு கட்டடங்கள் மட்டும் நினைவுச் சின்னமாக எஞ்சின.

குழுவினர் தீயவர்கள் என்று நான் கூறவில்லை. அவர்கள் வாழ்ந்தது வேறிடத்தில். இடிந்தது அவர்கள் வீடன்று. தெருவைப் பற்றிய முடிவைத் தெருவில் வாழாதவர்கள் எடுத்தனர் என்பதே குறை. பிறகு சங்கம் நகரின் பல பகுதிகளில் இயங்கிற்று. அரசின் பணத்தையே பெரிதும் நம்பியதாலும், கடன் பெருகியதாலும் 2012 ஜனவரி 27ஆம் நாள் அது மூடப்பட்டது. 122 ஆண்டுத் தொண்டு முடிவுற்றது. வருவாயைப் பல வழிகளிலிருந்து தேடிக்கொள்வதும் ஆட்சிக்குழுவின் கடமையே என்பதற்கு இது சான்று.

மலாயா காட்டும் பாடம்

தமிழர் வரலாற்றிலும் இதே கேள்வி எழுந்தது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டுசெல்ல 1907இல் தமிழர் குடியேற்ற நிதி சட்டப்படி ஏற்படுத்தப்பட்டது. தமிழரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் அதற்கு வரி கட்ட வேண்டும். அப்பணத்தில் தொழிலாளரின் கப்பற் கட்டணம் செலுத்தப்பட்டது. நிதியை நடத்தியது இந்தியர் குடியேற்றக் குழு. அதில் அமர்ந்தவர்கள் அரசு அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் ஆவர். பால்வெட்டும் தொழிலாளி எவருக்கும் அதில் இடமில்லை.

பெயரில் தமிழர் இருந்தனர். பணமும் தமிழர் பெயரால் திரட்டப்பட்டது. மேசையில் மட்டும் அவர்கள் இல்லை. எனவே கூலியாட்கள் தடையின்றி வந்துகொண்டிருக்க வேண்டும் என்ற தோட்டத்தாரின் தேவையே முதலிடம் பெற்றதில் வியப்பில்லை. ஆள் மிகுந்தால் கூலி உயராது என்பது அவர்கள் அறிந்த கணக்கு. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றதும் அக்குழுவின் முயற்சியாலன்று, இந்திய அரசு விதித்த தடையால்தான். ஹல் இல்லக் குழுவில் அன்பு இருந்தும் அண்டையார் இல்லை; மலாயாக் குழுவிலோ அன்பிற்கே வேலையில்லை.

நல்ல குழுவின் இலக்கணம்

இவற்றிலிருந்து நான் பெறும் முடிவுகள் நான்கு.

முதலாவது, குழுவில் சட்டம், மருத்துவம், கல்வி, கணக்கு அறிந்தோர் வேண்டும். பணக்காரர் மட்டும் போதாது.

இரண்டாவது, குடியேறிய மக்களுள் ஒரே மொழியினரோ ஒரே சமயத்தினரோ குழுவை நிரப்பிவிடக் கூடாது. அவ்வாறாயின் பெரிய கூட்டத்தின் குறை மட்டுமே கேட்கும். சிறிய கூட்டத்தின் குறை கதவுக்கு வெளியே நிற்கும்.

மூன்றாவது, உதவி பெறுவோரே உறுப்பினராக வேண்டும். அதுவும் பெயரளவுக்கு ஒருவர் என்றிருந்தால் பயனில்லை. ஒருவர் தனித்து அமர்ந்தால் தலையசைக்கத்தான் முடியும். கூட்டம் பகல்வேளையில் நடந்தால் கூலியாள் வர இயலாது. நடப்பது அவருக்குப் புரியாத மொழியானால் வந்தும் பயனில்லை. நேரமும் மொழியும்கூடக் குழுவின் அமைப்பைச் சேர்ந்தவையே.

நான்காவது, எவருடைய பணத்தை ஏற்பது, எவருடையதை மறுப்பது என்பதை முன்னதாகவே வரையறுத்துக்கொள்ள வேண்டும். பணம் வந்த பிறகு நெறியைப் பேசுவது கடினம்.

இன்று தமிழகத்துக்கே ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகின்றனர். திருப்பூரின் பின்னலாடைச் சாலைகளிலும், சென்னையின் கட்டுமானப் பணிகளிலும் அவர்களைக் காண்கிறோம். கடல் கடந்த இனத்தின் மக்களாகிய நாம் இப்போது விருந்தேற்கும் நிலையில் இருக்கிறோம். அவர்களுக்காகச் சங்கம் அமைக்கும் நல்லுள்ளம் நம் ஊர்களில் உண்டு. அமைக்கும்போது, குழுவின் நாற்காலிகளுள் சில அவர்களுக்கும் போடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். நாளை நம்முள் பலர் அலுவலராகவும் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் இத்தகைய குழுக்களில் அமரக்கூடும். அப்போது தீர்மானத்தில் கையொப்பமிடுமுன், அத்தீர்மானத்தால் யாருடைய வீடு இடியும், அவர் இந்த அறையில் இருக்கிறாரா என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.